நீருக்கு அஞ்சுவதா, நீரை அறிவதா?



விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் தவறாது எழும் கேள்வி, “எங்கே போகலாம்?” என்பதே. சென்னையின் தென்புறநகரில் வாழும் குடும்பங்களுக்கு இதற்கான விடை பெரும்பாலும் நீர்நிலையாகவே அமைந்துவிடுகிறது. முட்டுக்காட்டு உப்பங்கழியும், அதனை அடுத்த கோவளம் கடற்கரையும் அவர்களுக்கு அத்துணை அருகில் உள்ளன. ஆகவே நீர் விளையாட்டுகள் தரும் இன்பத்தைப் பற்றியும், அவற்றில் பெற்றோருக்குள்ள பொறுப்பைப் பற்றியும் இத்திங்கள் சிந்திப்போம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் இருபுறமும் விரிந்து கிடப்பது முட்டுக்காட்டு உப்பங்கழி. மேற்கே அது கேளம்பாக்கம் வரை பரவியுள்ளது. உப்பளங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அவ்வூர், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் மலிந்த புறநகராகிவிட்டது. கிழக்கே, கோவளத்தின் அருகில், கழி கடலைச் சந்திக்கிறது. 1808-ஆம் ஆண்டில் ஜான் டி மான்டி என்னும் வணிகர் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இக்கோவளத்தில்தான் உள்ளது என்பதை நம் வாசகர்களுள் பலர் அறிவர்.

வடக்கு தெற்காகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயும் இக்கழியோடு கலக்கிறது. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-இல் தொடங்கப்பட்ட இக்கால்வாய் படிப்படியாக நீட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி அளிக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதன் வழியே சென்றன. உழைப்புக்கெனவே இருந்த நீரில் இன்று ஓய்வுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் முட்டுக்காட்டில் படகுக் குழாம் ஒன்றை நிறுவியது. துடுப்புப் படகு, மிதிபடகு, விசைப்படகு எனப் பலவகைப் படகுகளில் குடும்பங்கள் அங்கு உலா வருகின்றன.

துடுப்பு வலித்தல் நமக்குப் புதிதன்று. மரத்துண்டுகளை இணைத்துக் கட்டி, அதன்மீது நின்றும் மண்டியிட்டும் துடுப்பு வலித்து அலைகடலைத் தாண்டியவர்கள் நம் மீனவர்கள். ‘கட்டுமரம்’ என்னும் நம் சொல்லை ஆங்கிலேயரும் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர் என்றால், அக்கலத்தின் பெருமையைக் கூறவும் வேண்டுமோ? இன்று இளைஞர் விரும்பும் ‘கயாக்’ என்னும் சிறுபடகு வடதுருவப் பகுதியின் வேட்டைக்காரர்கள் கடல்நாய்த் தோலால் அமைத்துக்கொண்ட கலத்தின் வழிவந்தது. இரு முனையிலும் அலகுடைய ஒரே துடுப்பை வலமும் இடமும் மாறிமாறி இட்டு அதனைச் செலுத்துவர். கோவளத்து மீனவ இளைஞர் சிலரோ அலைச்சறுக்குக் கலையைக் கற்றுத் தேர்ந்து, பிறருக்கும் கற்பித்து வருகின்றனர்.

இத்தகைய பொழுதுபோக்கில் குடும்பத்திற்கு ஒரு பாடமும் உண்டு. இருவர் அமர்ந்து வலிக்கும் படகில் அவரவர் தம் விருப்பம்போல் துடுப்பிட்டால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். முன்னிருப்பவர் வேகத்தைப் பின்னிருப்பவர் பார்த்து இசைந்து வலித்தால்தான் அது முன்னே செல்லும். தந்தையும் மகனும், அக்காளும் தம்பியும் பேச்சின்றியே இவ்விசைவைக் கற்றுக்கொள்கின்றனர்.

எனினும், நீரைப்பற்றிய பேச்சில் நம் பெற்றோரிடையே இரு தவறான மனநிலைகளைக் காண்கிறோம். ஒரு சாரார் அஞ்சுகின்றனர். “தண்ணீர்ப் பக்கமே போகாதே” என்று பிள்ளைகளைத் தடுத்துவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகின்றனர். மற்றொரு சாரார் அஞ்சுவதே இல்லை. கட்டணம் செலுத்திவிட்டால் பாதுகாப்பு படகோட்டியின் பொறுப்பு என எண்ணுகின்றனர். இரண்டுமே ஆபத்தானவை. அவற்றுள் முதலாவது, அன்பின் போர்வையில் வருவதால் எளிதில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் கிராமத்தில் வாழ்ந்தபோது, சுரைக்குடுவையை முதுகில் கட்டியோ, வாழைத்தண்டைப் பற்றியோ, கிணற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகினர். புறநகருக்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகளுக்கு அக்கிணறும் இல்லை, கற்பிக்க மாமனும் அருகில் இல்லை. ஆனால் நீர் இல்லாமற் போய்விட்டதா? ஏரியும், கால்வாயும், மழைநீர் தேங்கிய கைவிடப்பட்ட கல்குவாரிகளும் புறநகரைச் சூழ்ந்தே உள்ளன. வீட்டில் தடுக்கப்பட்ட சிறுவன் நண்பர்களோடு அங்கு ஒளிந்து செல்கிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. அவன் எங்கே சென்றான் என்பது வீட்டாருக்கும் தெரியாது. தடை அவனை நீரிலிருந்து பிரிக்கவில்லை; காப்பவர்களிடமிருந்தே பிரித்துவிட்டது.

உலக நல நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இக்கொடுமையின்பால் உலகின் கவனத்தை ஈர்க்கவே ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 2021-இல், சூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

அக்கறையின்மை என்ன செய்யும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து, உலா வந்த பெண்களும் குழந்தைகளுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒருபக்கமாகத் திரண்டதும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. குஜராத்தின் வடோதராவில் 2024 சனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலாவின்போது 12 மாணவரும் 2 ஆசிரியரும் ஏரியில் மூழ்கினர். படகு ஏற்கத்தக்க அளவைவிட மிகுதியானோர் அதில் இருந்தனர். பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. இவர்கள் யாவரும் மகிழ்ச்சியைத் தேடிச் சென்றவர்களே!

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது?

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் கற்பியுங்கள். ஆண்பிள்ளைக்கு மட்டுமன்று, பெண்பிள்ளைக்கும் கற்பியுங்கள். பயிற்சியாளர் உள்ள நீச்சற்குளத்தில் ஒரு கோடை விடுமுறையைச் செலவிடுவது வீண்செலவன்று. ஆயுள் முழுவதும் உடன்வரும் சீதனம்.

இரண்டாவது, நீச்சல் தெரிந்தவரும் படகில் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும். அங்கியைக் காலடியில் வைத்திருப்பதால் பயனில்லை. கவிழும் நொடியில் அதனை மாட்டிக்கொள்ள இயலாது. அளவும் முக்கியம். பிள்ளைக்கு அங்கியை அணிவித்து, பட்டைகளை இறுக்கி, தோட்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது முகவாய்க்கு மேலே ஏறினால் பிள்ளைக்குப் பெரிது என்று பொருள், வேறொன்று கேளுங்கள். அங்கி இல்லையென்றால் படகில் ஏறாதீர்கள். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. அழும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். காற்றடைத்த வளையங்களை உயிர்காப்புக் கருவி என நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, படகில் அடக்கம் வேண்டும். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினால் இறங்கிவிடுங்கள். நிழற்படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பதும், எல்லாரும் ஒருபக்கம் சாய்வதும் கூடா. சிறுபடகு கவிழ்ந்துவிட்டால் அதனை விட்டுக் கரைநோக்கி நீந்த முயலாமல் படகையே பற்றிக்கொண்டு உதவிக்கு அழைப்பது நன்று. கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும்.

நான்காவது, நீரின் இயல்பை உள்ளூராரிடம் கேட்டறியுங்கள். கழியின் முகத்துவாரம் வறண்ட மாதங்களில் மணல்மேடிட்டுத் தூர்ந்துவிடுவதுண்டு. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அம்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். முகத்துவாரம் திறந்திருக்கையில், நீர் வற்றும் வேளையில் கடல்நோக்கிய இழுப்பு வலிதாக இருக்கும். நேற்று முழங்கால் அளவிருந்த இடம் இன்றும் அவ்வாறே இருக்கும் எனக் கூற இயலாது. அடியில் சேறிருந்தால் கால் புதையும். கடலிலோ, அலைகளுக்கிடையே ஆளை உள்ளே இழுத்துச்செல்லும் நீரோட்டம் உண்டு. அதில் அகப்பட்டவர் எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதனின்று விலக வேண்டும்.

ஐந்தாவது, கண்காணிப்பு. மூழ்குபவர் கூக்குரலிடுவார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. மூச்சுக்குத் திணறும் வாயால் கூவ இயலாது. நீரை அழுத்தும் கைகளால் அசைத்து அழைக்கவும் இயலாது. ஓசையின்றி ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். எனவே பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் வேறெந்த வேலையுமின்றி, கைப்பேசியையும் ஒதுக்கிவைத்து, அவர்களையே பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். ‘எல்லாரும் பார்க்கிறோம்’ என்னும் இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆறாவது, காப்பாற்றும் முறை. ஒருவர் தத்தளிக்கக் கண்டால், பயிற்சியில்லாதவர் உடனே குதித்தல் ஆகாது. இருவரும் மாள நேரிடும். கயிறு, கழி, சேலை, வேட்டி எதையாவது கரையிலிருந்து எறியுங்கள். மிதக்கும் குடத்தையாவது எறியுங்கள். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் பழைய வழக்கங்கள். அவற்றால் பொன்னான நிமிடங்கள் வீணாவதோடு கேடும் விளையும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சளித்தல் வேண்டும். பின்னர் நெஞ்சை 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சளிப்பதை இடைவிடாது தொடரவேண்டும். உடன் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். இம்முதலுதவியை நூலில் படித்தால் போதாது; தக்கவரிடம் பயிற்சி பெறுவதே முறை.

பங்குகளில் மறைக்கல்வி மாணவரையும் இளைஞரையும் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். புறப்படும் முன்பே நீச்சல் அறியாதோர் பட்டியலை எடுங்கள். இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் எனப் பெயர் குறித்து ஒப்படையுங்கள். நீரில் இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் எண்ணிப் பாருங்கள். பங்கு மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை முதலுதவிப் பயிற்சி நடத்துவதும் பெருந்தொண்டாகும்.

இன்னொன்றும் கூறவேண்டும். நாம் விளையாடும் அந்நீர் பிறருடைய வாழ்வாதாரம். மீனவர் விரித்த வலைமீது படகைச் செலுத்தாதீர்கள். தின்பண்ட உறைகளையும் ஞெகிழிக் குப்பிகளையும் திரும்ப வீட்டுக்கே எடுத்து வாருங்கள். விருந்தினராகச் சென்ற வீட்டில் நாம் குப்பை போடுவதில்லையே!

பெற்றோர்களே, நம் பிள்ளைகளை நீரிலிருந்து என்றென்றும் ஒளித்துவைக்க நம்மால் முடியாது. இன்று நம் கைப்பிடியில் இருப்பவர்கள் நாளை நண்பர்களோடு செல்வார்கள். அந்நாளில் அவர்களோடு நாம் இருக்கமாட்டோம். நாம் கற்பித்தது மட்டுமே இருக்கும். ஆகவே, வரும் விடுமுறைக்கு முன்பே உங்கள் இல்லத்தில் நீந்தத் தெரியாதவர் எத்தனைபேர் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணிக்கையில் ஒன்றையாவது இவ்வாண்டு குறைப்பது என்று தீர்மானம் செய்யுங்கள்.