உடைந்த நிரலகமும் மாணவர் மேல் விழும் பழியும்

துறையின் கிளஸ்டரில் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் புதிய மென்பொருள் ஒன்றை இயக்குகிறார். 'ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை' என்கிறது திரை. அடுத்த மூன்று வாரங்கள் ஆய்வு நின்றுவிடுகிறது. நெறியாளரிடம் சென்றால், "லினக்ஸே தெரியாமல் கணினிவழி ஆய்வுக்கு வருவதா?" என்ற கேள்வியே கிடைக்கிறது. இந்திய வளாகங்களில் கேட்டுச் சலித்த இக்கேள்வி, குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறது.

லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரல்களும் சார்ந்து நிற்கும் அடித்தள நிரலகம், அதாவது லைப்ரரி, ஜிலிப்சி. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் பொதுவாகப் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. 2014இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2012ஆம் ஆண்டின் 2.17ஆம் பதிப்பு. அவ்வியங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிவடைந்தது. அந்நாள் பல்லாண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதுதான். அவ்வாண்டின் தொடக்கத்தில் விஎஸ் கோட் செயலியின் 1.86ஆம் பதிப்பு, 2.28க்குக் குறைந்த சர்வர்களுடன் இணைய மறுத்தது. உலகெங்கும் கூக்குரல் எழவே தற்காலிக அவகாசம் தரப்பட்டது. நாள் குறித்து வந்த இடரை மாணவரின் அறியாமை என்று பெயரிடுவது என்ன நியாயம்?

பழி சுமந்த மாணவர் அடுத்துச் செய்வதுதான் அச்சமூட்டுவது. காலநிலை ஆய்வில் பெரிதும் பயன்படும் நெட்சிடிஎஃப்-4 வடிவம், ஹெச்டிஎஃப்5 நிரலகத்தின் மேல் கட்டப்பட்டது. கம்பைல் செய்தபோது இருந்த பதிப்பும் ஓடும்போது கிடைக்கும் பதிப்பும் பொருந்தாவிடில் அந்நிரலகம் தானே நின்றுவிடும். தொடர்ந்தால் தரவு சிதையக்கூடும் என்றும் எச்சரிக்கும். இச்சோதனையை அணைக்கும் சூழல் மாறியின் பெயரும் அதே செய்தியில் இருக்கும். அதற்கு 1 என்று மதிப்பிட்டால் எச்சரிக்கை வரும், ஓட்டம் நிற்காது. 2 என்று இட்டால் எச்சரிக்கையும் வராது. குழுக்கூட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் அவர் எந்த எண்ணை இடுவார் என்று ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை. அந்த வரி பாஷ்ஆர்சி கோப்பில் தங்கி, மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் சீதனமாகப் போகிறது. உடன் செல்வது, என்றோ பட்டம் பெற்று வெளியேறியவரின் ஹோம் அடைவைச் சுட்டும் எல்டி_லைப்ரரி_பாத். அவருடைய கணக்கு நீக்கப்படும் நாளில் அதை நம்பியிருந்தவர்களின் நிரல்கள் எல்லாம் ஒருசேர விழும்.

எந்த நிரலகம் எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று எல்டிடி கட்டளை காட்டும். ஒரு நிரல் எவற்றைக் கேட்கிறது என்று ரீட்எல்ஃப் சொல்லும். இவற்றை மாணவர் கற்கத்தான் வேண்டும், மறுப்பில்லை. அது அரைநாள் பாடம். ஆனால் சர்வரின் இயங்குதளத்தை மாற்றும் அதிகாரம் எந்தப் பாடத்திலும் கிடைக்காது.

"கன்டெய்னரில் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்பது இப்போதைய மந்திரம். ஆப்டெய்னர் தனக்கான ஜிலிப்சியைத் தானே சுமந்து வரும், உண்மை. ஆயினும் கெர்னல் அந்தப் பழைய இயந்திரத்தினுடையதே. ஜிபியு டிரைவரும், பல கணுக்களில் ஓட வேண்டுமெனில் எம்பிஐயும், அவ்வியந்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கன்டெய்னரைக் கட்டுபவர் யார்? மீண்டும் அதே மாணவர்.

வேறு இடங்களில் இது ஒரு பணி. ஈஸிபில்டு என்ற கருவி பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக உயர்திறன் கணினிக் குழுவில் பிறந்தது. ஸ்பேக், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில். பிரிட்டனில் 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்ற பெயர் 2012இலேயே புழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கம் 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கியது. பெட்டி வாங்கப் பணம் இருக்கிறது. துறை அளவிலோ, நிரலகங்களைப் பேண ஒரு நிரந்தரப் பணியிடம் கேட்டால் திட்டக்காலம் முடியும்வரை ஒரு தற்காலிக உதவியாளர் என்பதே வழக்கமான விடை. குறைந்தபட்சம், ஆய்வேட்டின் முறையியல் இயலில் நிரலகப் பதிப்புகளும் சூழல் மாறிகளும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றாவது பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. இப்போதைக்கு, அந்த மாறியில் இருந்தது 1ஆ 2ஆ என்று வாய்மொழித் தேர்வில் கேட்கும் தேர்வாளர் அரிது.