கடிகாரத்தால் நாவலை அளப்போர்

நாவலாசிரியர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு நூல்களை வெளியிட்டுவிட்டால் போதும், நம்மவர்கள் அவற்றைத் திறந்தும் பாராமலே 'உற்பத்தி' என்று முத்திரை குத்திவிடுவார்கள். பத்து வருடங்களுக்கு ஒன்று எழுதுபவரோ 'தவம்' செய்பவராகிவிடுகிறார். அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பிலும் இதே பல்லவியைக் கேட்க நேர்ந்தது. பாடியவர் எனது நண்பர். அவருடைய நாவல் இருபது வருடங்களாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த மூடநம்பிக்கையால் பழி சுமந்தவர்களில் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலொப். 1834 முதல் 1867 வரை பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் கோப்பி தருவதற்காகவே வேலையாளுக்கு வருடம் 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு எழுதினார். ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதும் உண்டு. 47 நாவல்கள் இப்படித்தான் பிறந்தன.

அவர் செய்த 'குற்றம்' வேகமாக எழுதியதன்று. அதை வெளியே சொன்னதுதான். 1882இல் அவர் மறைந்தார். மறுவருடம் வெளிவந்த சுயசரிதையில் நேரக் கணக்கு, சொற்கணக்கு, ஒவ்வொரு நூலும் ஈட்டிய பணம் எல்லாம் இருந்தன. இலக்கிய கனவான்கள் முகம் சுளித்தார்கள். அவருடைய மதிப்புச் சரிந்தமைக்கு அந்நூலும் ஒரு காரணம் என்பர். நான் கேட்பது இதுதான்: முதல்நாள் வரை வாசித்து மகிழ்ந்த நாவல்களில் மறுநாள் ஒரு சொல்லாவது மாறியிருந்ததா?

தாஸ்தயெவ்ஸ்கியின் கதை வேறு. 1866 நவம்பர் முதலாந் திகதிக்குள் நாவல் ஒன்றைக் கொடாவிடில், ஒன்பது வருடங்களுக்குத் தமது எழுத்துகளின் உரிமையைப் பதிப்பாளரிடம் இழக்கவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அவர் சிக்கியிருந்தார். சுருக்கெழுத்தாளராக வந்த அன்னாவுக்குச் சொல்லச் சொல்ல, 26 நாட்களில் 'சூதாடி' முடிந்தது. ஆனால் அந்தக் கருவை 1863இலேயே அவர் கடிதமொன்றில் விபரித்திருந்தார். சூதாட்ட மேசையில் தோற்ற பணமும் பட்ட அவமானமும் அவருடைய சொந்த முதல். 26 நாட்கள் என்பது கைக்கு எடுத்த காலம் மாத்திரமே.

நம் தமிழுக்கு வருவோம். சுந்தர ராமசாமி எழுதியவை மூன்று நாவல்கள். 1966, 1981, 1998. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை நாள்தோறும் வெளிவந்து 26 நூல்களானது. முன்னவரின் இடைவெளியையும் பின்னவரின் வேகத்தையும் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களில் எத்தனை பேர் இரண்டையும் வாசித்தார்கள்?

வேகத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். ட்ரொலொப்பைப் பெருமையாகச் சுட்டும் நமது அவசர எழுத்தாளர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அவர் தமது மூன்று மணித்தியாலங்களில் முதல் அரை மணித்தியாலத்தை முதல்நாள் எழுதியதைத் திரும்ப வாசிப்பதற்கே ஒதுக்கினார். இவர்களோ எழுதிய கை காய்வதற்குள் அச்சகத்துக்கு ஓடுகிறார்கள். திரும்ப வாசியாமல் அனுப்பிய செய்தி மறுநாட் காலை முதற்பக்கத்தில் பல்லிளிப்பதைக் கண்டு கூசிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் கழிந்த அவ்வளவு வருடங்களிலும் 'நாவல் எழுத அவகாசம் இல்லை' என்றுதான் நானும் சொல்லிவந்தேன். இரவுப் பதிப்பு முடிந்து வீடு வந்தால் ஐந்தரைக்கு எழும்ப முடியாது என்பது உண்மைதான். விடுமுறை நாட்களிலும் நான் எழும்பவில்லை என்பதும் உண்மை. மேசை லாச்சிக்குள் மூன்று அத்தியாயங்கள் கிடக்கின்றன. மூன்றாவதன் அடியில் நானே இட்ட திகதி 1984.