கட்டித் தயிரும் கிரேக்கத் தயிரும்

அரியலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “சென்னையில் படிக்கும் என் பெண் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். காலையில் நம் வீட்டுத் தயிரைத் தொட மாட்டேனென்கிறாள். சிறு கிண்ணத்தில் அடைத்து விற்கும் ‘கிரேக்க யோகர்ட்’தான் வேண்டுமாம், அதில்தான் புரதம் இருக்கிறதாம். விலையைப் பார்த்தால் ஒரு கிண்ணத்தின் காசுக்கு வீடு முழுவதும் மோர் சாப்பிடலாம் போலிருக்கிறது. அப்படி அதில் என்னதான் விசேஷம்? வீட்டில் செய்ய முடியுமா? செய்தால் காலை ஆகாரத்துக்கு மட்டுந்தானா, அடுப்பிலும் ஏற்றலாமா?”

மூன்றும் நியாயமான கேள்விகள். பெண்ணையும் குறை சொல்வதற்கில்லை. அவள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

பெயரிலே கிரீஸ், பொருளிலே தயிர்

கிரேக்கத் தயிர் என்பது தண்ணீர் வடிக்கப்பட்ட தயிர், அவ்வளவுதான். கிரீஸ் தேசத்தார் தங்கள் பாஷையில் அதற்கு இட்டிருக்கும் பெயருக்கே ‘வடிகட்டியது’ என்றுதான் அர்த்தம். துருக்கியரும் அரபு நாட்டாரும் இதையே வேறு பெயர்களில் உண்கிறார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் ‘சக்கா’ என்கிறார்கள். சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்த்து அதைத்தான் ‘ஸ்ரீகண்ட்’ ஆக்குகிறார்கள். அதென்ஸ் நகரில் 1926-இல் ஒரு குடும்பத்தார் தொடங்கிய பால் கடைதான் பிற்காலத்தில் ‘ஃபாயே’ என்ற பெரிய கம்பெனியாகி, வடிகட்டிய தயிரை உலகெங்கும் அனுப்பிற்று. 2007-இல் அமெரிக்காவில் ‘சோபானி’ விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2015 முதல் இத்தகைய கிண்ணங்கள் கடைகளில் வந்துவிட்டன.

பெயருக்காக ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்காவில் செய்த தயிரைக் ‘கிரேக்கத் தயிர்’ என்று பிரிட்டனில் விற்கக் கூடாதென்று ஃபாயே கம்பெனி வழக்காடிற்று. 2014-இல் அங்குள்ள மேல் முறையீட்டு நீதிமன்றமும் அக்கட்சிக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று நாமும் அலட்சியம் செய்ததில்லை. 2023 மார்ச்சு மாதத்தில், தயிர் உறைகளின் மேல் ‘தஹி’ என்று அச்சிட வேண்டுமென மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டபோது, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எழுந்த எதிர்ப்பு நேயர்களுக்கு நினைவிருக்கும். அம்மாதம் 30-ஆம் தேதியே ஆணையம் இறங்கி வந்து, அந்தந்தப் பிரதேசத்தின் பெயரையும் போடலாம் என்றது. தயிர் என்ற சொல்லுக்காக அத்தனை பாடுபட்டவர்கள், தயிர் என்ற பொருளைக் கிண்ணத்தில் அடைத்த அந்நியப் பெயருக்கு விட்டுக்கொடுப்பானேன்?

புரதம் எங்கிருந்து வந்தது?

சாதாரணத் தயிர் 100 கிராமில் 3 முதல் 4 கிராம் புரதம் இருக்கும். கடையில் விற்கும் கிரேக்கத் தயிரில் 8 முதல் 10 கிராம் வரை இருக்கும். பெண் சொன்ன பாதி உண்மை இதுதான். ஆனால் அந்தப் புரதம் புதிதாக எங்கிருந்தும் வந்து குதிக்கவில்லை. தண்ணீரை நீக்கியதால் மிச்சம் கெட்டியாயிற்று. ஒரு கிண்ணம் கட்டித் தயிருக்கு இரண்டு கிண்ணத்துக்கு மேல் சாதாரணத் தயிர் செலவாகியிருக்கிறது. இரண்டு கிண்ணம் தயிரைச் சாதத்தில் பிசைந்து உண்பவருக்கும் அதே புரதம் கிடைத்துத்தான் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. வடியும் நீரோடு பால் சர்க்கரையில் ஒரு பகுதியும் சுண்ணாம்புச் சத்தில் பெரும் பங்கும் போய்விடுகின்றன. சர்க்கரை குறைவது சிலருக்கு நல்லது. சுண்ணாம்புச் சத்துப் போவது வளரும் குழந்தைகளுக்கு நஷ்டம். ஆகவே வடித்த நீரைக் கொட்டாதீர்கள். இந்த வாரத்தில் நாம் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுவே.

அமெரிக்காவில் இந்த நீர் ஒரு பெரிய தலைவலியாகிவிட்டது. மூன்று நான்கு பங்கு பாலிலிருந்து ஒரு பங்குதான் கட்டித் தயிர் கிடைக்கும்; மிச்சமெல்லாம் புளித்த நீர். அதை ஆற்றிலே விட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும். ஆலைக்காரர்கள் அதை வண்டி வண்டியாக மாட்டுத் தீவனத்துக்கும் வயலுக்கும் எரிவாயுக் கலத்துக்கும் அனுப்புகிறார்கள். மோர் குடிக்கத் தெரிந்த நம் வீடுகளில் அந்தச் சங்கடம் வர வேண்டியதில்லை.

வடிக்கும் விதம்

நிறைகொழுப்புப் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றுங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நான்கைந்து மணியில் தோய்ந்துவிடும். மார்கழியில் இரவு முழுவதும் வேண்டும். தோய்ந்த தயிரைக் கலக்காமல், வெந்நீரில் அலசிய மெல்லிய வெள்ளைத் துணியில் இட்டு மூட்டையாகக் கட்டுங்கள். துணியில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. தயிர் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

கோடையில் மூட்டையை வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். ஒரு சல்லடையின் மேல் வைத்து, அடியில் பாத்திரம் இட்டு, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மூன்று மணியில் பச்சடிக்கு ஏற்ற பதம் வரும். இரவு முழுவதும் விட்டால் கரண்டியில் நிற்கும் பதம். ஒரு லிட்டர் தயிரில் ஏறக்குறையப் பாதி கட்டித் தயிராகவும் பாதி நீராகவும் பிரியும்.

அடுப்பில் திரியாமல் இருக்க

தயிரை அடுப்பில் ஏற்றுவது நமக்குப் புதிதன்று. புதிதாகக் குடித்தனம் செய்ய வந்த ஒரு பெண், முற்றிய தயிரைத் தன் கையாலேயே பிசைந்து, தாளிக்கும் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு சமைத்துக் கணவனுக்கு இட்ட காட்சியைக் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் கூடலூர்கிழார் பாடியிருக்கிறார். இனிது என்று கணவன் சொன்னதும் அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததாம். நம் மோர்க்குழம்புக்கு அத்தனை பழைய வமிசாவளி.

தயிர் ஏன் திரிகிறது? தயிரின் புளிப்பில் பால் புரதம் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் நிற்கிறது. சூடு ஏறினால் அந்த வலை சுருங்கி, நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அரிசி, பருப்பு, கடலைமாவு போன்ற மாவுப்பொருள் ஏதாவது கலந்திருந்தால், அது வெந்து பசையாகிப் புரதத் துணுக்குகளுக்கு இடையில் புகுந்து, அவை சேர்ந்து சுருங்காமல் காக்கிறது. நம் பாட்டிமார் மோர்க்குழம்புக்குப் பருப்பும் அரிசியும் அரைத்துவிட்டதன் காரணம் இதுவே.

மோர்க்குழம்புக்குத் துவரம் பருப்பும் தனியாவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, பச்சரிசி ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி எடுத்து அரைமணி ஊறவையுங்கள். மூன்று பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்து மைய அரையுங்கள். ஒரு கிண்ணம் கட்டித் தயிரை ஒரு கிண்ணம் வடிநீரோடு கடைந்து, மஞ்சள்தூளும் விழுதும் கலந்துகொள்ளுங்கள். வெந்த வெண்பூசணித் துண்டுகளின் மேல் இதை ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விடலாகாது. பிறகு உப்பு. தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளியுங்கள். கட்டித் தயிரில் செய்த குழம்பு ஆறிய பின்னும் நீர்த்துப் போகாது.

இரு ஜில்லாக்களின் கைச்சரக்கு

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற சீமை. செட்டிகுளம் வட்டாரத்தில் அதுவே முக்கிய வெள்ளாமை. பச்சடிக்கு இதைவிட உகந்தது இல்லை. ஆனால் நறுக்கிய வெங்காயத்தில் உப்புப் பட்டவுடன் நீர் விடும். பச்சடி தண்ணீராய்ப் போகும். கட்டித் தயிரில் செய்தால் அந்த நீரைத் தயிரே வாங்கிக்கொள்ளும். பாதி வெங்காயத்தைப் பச்சையாகவும் பாதியை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கியும் சேர்த்துப் பாருங்கள். சப்பாத்திக்கு வேறு கறி வேண்டாம்.

வரகும் இந்தப் பக்கத்துப் பழந்தானியம். ஒரு கிண்ணம் வரகரிசிக்கு இரண்டரைக் கிண்ணம் நீர் விட்டுக் குழைய வேகவைத்து மசியுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே காய்ச்சிய பாலும் கட்டித் தயிரும் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சாதத்தில் தயிரை விட்டால் அதிலுள்ள நல்ல கிருமிகள் மடிந்துவிடும். பிரயாணத்துக்குக் கட்டிச் செல்வதானால் பால் மிகுதியாகவும் தயிர் ஒரு கரண்டியாகவும் இருக்கட்டும். மத்தியான்னத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும்.

புலால் உண்ணும் வீடுகளில் இறைச்சியை மசாலாவோடு கட்டித் தயிரில் ஊறவைத்தால் மிருதுவாகும். நீர் இல்லாததால் மசாலா வழியாமல் ஒட்டி நிற்கும். மற்றவர்கள் காலிபிளவருக்கும் சேப்பங்கிழங்குக்கும் இதையே செய்யலாம்.

முட்டையில்லாத கேக்

கேக் என்றால் முட்டை வேண்டுமே என்று தயங்கும் வீடுகளுக்குத் தயிரே துணை. தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். அந்தக் குமிழிகளே மாவைத் தூக்கிவிடும்.

ஒரு கிண்ணம் கட்டித் தயிரை மூன்று மேசைக்கரண்டி வடிநீரில் தளர்த்தி, முக்கால் கிண்ணம் சர்க்கரை கரையும்வரை அடியுங்கள். பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டியும் சமையல் சோடா அரைத் தேக்கரண்டியும் தூவி ஐந்து நிமிஷம் விடுங்கள், நுரைத்து எழும். வாசனையில்லாத எண்ணெய் அரைக் கிண்ணமும் ஏலப்பொடியும் சேர்த்து, சலித்த மைதா ஒன்றரைக் கிண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். அதிகம் அடித்தால் கேக் இறுகிவிடும். மேலே ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியை உடைத்துத் தூவுங்கள். ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் பத்து நிமிஷம், பிறகு 180 டிகிரியில் அரைமணி. ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லாத வீட்டில் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, நடுவில் ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை இறக்கி மூடிச் சிறு தீயில் விடுங்கள். முக்கால் மணிக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் நடுவில் குழி விழும்.

வடிநீர்

எஞ்சிய நீரில் உப்பு, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை இட்டால் வெயிலுக்கு ஏற்ற பானம். சப்பாத்தி மாவை அதில் பிசைந்தால் மிருதுவாக வரும். ரசத்தில் விட்டால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் கெடாது.

அரியலூர்ச் சகோதரி தம் பெண்ணிடமே துணியையும் தயிரையும் கொடுத்து மூட்டை கட்டச் சொல்லட்டும். மறுநாள் காலையில் அவள் கேட்ட கிண்ணம் அவள் கையாலேயே தயாராகும். மத்தியான்னம் அதே தயிர் குழம்பாகும். வடிந்த நீர் வீட்டிலுள்ள எல்லோருக்கும் மோராகும். சென்னைக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்தனுப்பினால், மாதச் செலவில் ஒரு கணிசமான தொகை மிச்சம்.