டாமைக் கொன்ற கையே ஜிம்மைக் காத்தது... லாங் ஜான் சில்வர் நல்லவனா, கெட்டவனா?

'புதையல் தீவு' முதல் 'ஹாரி பாட்டர்' வரை... ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் ஒரு வழக்கு!

(கவனிக்க: கதைகளின் முடிவுகளும் இந்தக் கட்டுரையில் பேசப்படுகின்றன.)

புதருக்குள் ஒரு சிறுவன் மூச்சைப் பிடித்தபடி ஒளிந்திருக்கிறான். சற்றுத் தள்ளி இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் டாம் என்கிற மாலுமி. இன்னொருவன் கப்பலின் சமையல்காரன். ஒரு கால் இல்லாதவன். தங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடும்படி டாமிடம் நயமாகக் கேட்கிறான். டாம் மசியவில்லை. முதலாளிக்குத் துரோகம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறான். அடுத்த நொடி, ஊன்றுகோல் பறந்துவந்து அவன் முதுகில் பாய்கிறது. கீழே விழுந்தவன் மீது தாவி, இரண்டு முறை கத்தியை இறக்குகிறான் அந்த ஒற்றைக்கால் மனிதன். பிறகு நிதானமாகப் புல்லில் கத்தியைத் துடைத்துக்கொள்கிறான்.

சில நாள்கள் கழித்து அதே சிறுவன், கடற்கொள்ளையர்களிடம் சிக்கிக்கொள்கிறான். கொன்றுவிடலாம் என்று கத்தியோடு எழுகிறான் ஒருவன். அப்போது குறுக்கே நின்று, தைரியமிருந்தால் என்னோடு மோதிப் பாருங்கள் என்று மொத்தக் கூட்டத்துக்கும் சவால் விடுகிறான் ஒருவன். அவனும் அதே ஒற்றைக்கால் சமையல்காரன்தான்!

அவன் பெயர் லாங் ஜான் சில்வர். அந்தச் சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸ். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'புதையல் தீவு' நாவலில் வரும் இருவர். 1881-82-ல் சிறுவர் இதழில் தொடராக வந்து, 1883-ல் புத்தகமான கதை இது. 140 ஆண்டுகள் தாண்டியும் வாசகர்களின் கேள்வி மாறவில்லை. சில்வர் நல்லவனா, கெட்டவனா?

நண்பனிடமிருந்து பிறந்த வில்லன்

சில்வர் இப்படிக் குழப்புவதற்கு அவன் பிறந்த விதமே ஒரு காரணம். ஸ்டீவன்சனுக்கு வில்லியம் ஹென்லி என்று ஒரு நண்பர் இருந்தார். கவிஞர். எலும்பைத் தாக்கும் காசநோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஆனாலும் உரத்த சிரிப்பும் ஆளுமையும் குறையாத மனிதர். எடின்பரோ மருத்துவமனையில் அவர் சிகிச்சையில் இருந்தபோதுதான் இருவரும் நண்பர்களானார்கள்.

ஹென்லியின் அந்த வலிமையைப் பார்த்துத்தான் சில்வர் உருவானான் என்று ஸ்டீவன்சன் பின்னாளில் அவருக்கே கடிதம் எழுதினார். தான் கையாண்ட வழியையும் வேறொரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். மிகவும் மதிக்கும் ஒரு நண்பரை எடுத்துக்கொள்வது. அவருடைய உயர்ந்த குணங்களை நீக்கிவிடுவது. வலிமை, துணிச்சல், சமயோசிதம், கலகலப்பு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஆளை ஒரு முரட்டு மாலுமியாக மாற்றிவிடுவது. அவ்வளவுதான்!

அதனால்தான் சில்வரை வெறுக்க முடிவதில்லை. அவனிடம் இருப்பதெல்லாம் ஒரு நல்ல நண்பனிடம் இருக்கும் குணங்கள். மனசாட்சி ஒன்றுதான் குறைகிறது.

ஆப்பிள் பீப்பாய் சொன்ன உண்மை

சில்வர் கட்சி ரசிகர்கள் முதலில் எடுத்துவைக்கும் சாட்சி, ஜிம் மீது அவன் காட்டும் பாசம். தந்தையை இழந்த பையன் ஜிம். கப்பலின் சமையலறைக்கு அவன் வரும்போதெல்லாம் சில்வர் சந்தோஷமாக வரவேற்கிறான், கதை சொல்கிறான், கேப்டன் ஃப்ளின்ட் என்று பெயர் வைத்த தன் கிளியைக் காட்டுகிறான். சிறு பையன் என்று அலட்சியம் செய்யாமல் பெரிய மனிதனைப்போல நடத்துகிறான். அப்படி ஒருவர் கிடைத்தால் எந்தப் பையன்தான் மயங்க மாட்டான்?

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், வெளியே சில்வர் பேசுவதைக் கேட்கும் இடத்தை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கப்பலைக் கைப்பற்றும் சதி அங்கேதான் வெளிப்படுகிறது. ஆனால், ஜிம்மை முதலில் சுடுவது அந்தச் சதி அல்ல. வேறோர் இளம் மாலுமியை வலையில் வீழ்த்த, தன்னிடம் சொன்ன அதே பாராட்டு வார்த்தைகளைச் சில்வர் அப்படியே சொல்கிறான். தனக்கு மட்டும் சொன்னதாக நினைத்த பாராட்டு அது. அந்த இடத்தில் ஜிம்முக்கு எழும் கோபம், ஏமாந்த எல்லோருக்கும் தெரிந்த கோபம்.

காலை இழந்த கதையிலும் சில்வர் ஒரே பேச்சாக இல்லை. நாட்டுக்காகக் கடற்படையில் போரிட்டு இழந்ததாக வெளியில் ஒரு கதை. கொள்ளையர் தலைவன் ஃப்ளின்ட்டின் கப்பலில் இருந்தபோது போனது என்று கூட்டாளிகளிடம் வேறு கதை.

சரி, கத்திக்குக் குறுக்கே நின்று ஜிம்மைக் காப்பாற்றினானே? அது உண்மை. கூடவே ஒரு பேரமும் உண்டு. இப்போது உன் உயிரை நான் காக்கிறேன். ஊர் திரும்பியதும் என்னைத் தூக்குக் கயிற்றிலிருந்து நீ காக்க வேண்டும்!

புதையலை நெருங்கும்போது, கயிற்றில் கட்டி இழுத்துப்போகும் ஜிம்மை அவன் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. தங்கம் கிடைத்தால் தன்னைக் கொன்றுவிடுவான் என்பது ஜிம்முக்குப் புரிகிறது. குழி காலியாக இருப்பது தெரிந்ததும், அதே சில்வர் சட்டென்று ஒரு துப்பாக்கியை ஜிம் கையில் கொடுத்து, மறுபடி அவன் பக்கம் சேர்ந்துகொள்கிறான்.

அப்படியானால் எல்லாமே நடிப்பா? அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏன் கொள்ளையன் ஆனான்?

அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 1713-ல் ஐரோப்பாவில் ஒரு பெரும் போர் முடிந்தது. ஏராளமான கடற்படை மாலுமிகள் வேலை இழந்தார்கள். வணிகக் கப்பல்களில் கூலி குறைவு, கேப்டனின் சவுக்கடி அதிகம். அவர்களில் பலர் கொள்ளைக் கப்பல்களில் ஏறினார்கள்.

அங்கே ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற நிஜக் கொள்ளையரின் கப்பலில் எழுதிவைத்த விதிகள் இருந்தன. முக்கிய முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. சண்டையில் கை கால் இழந்தவருக்குப் பொதுப் பணத்திலிருந்து 800 டாலர் உண்டு. கரையில் அன்றைய சாமானிய மாலுமிக்கு இப்படியொரு மரியாதையை யாரும் தரவில்லை.

இதையெல்லாம் அறியும்போது, ஒருவன் ஏன் கொள்ளையன் ஆனான் என்பது புரிகிறது. ஆனால், அவர்கள் சூறையாடிய கப்பல்களிலும் இதே ஏழை மாலுமிகள்தான் இருந்தார்கள். டாமும் அப்படி ஒருவன்தான்.

ஒருத்திக்காக ஒரு போரை நிறுத்தலாமா?

இந்த வழக்கைப் புதிதாக மீண்டும் திறந்துவைத்தது, 2014 முதல் 2017 வரை நான்கு சீசன்களாக வந்த 'பிளாக் செயில்ஸ்' தொடர். 'புதையல் தீவு' கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் தொடர். நாவலில் செத்துப்போன பெயராக மட்டுமே வரும் கேப்டன் ஃப்ளின்ட், இங்கே கதாநாயகன். ஒருகாலத்தில் கடற்படை அதிகாரி. தான் நேசித்த தாமஸ் என்பவரை ஆட்சியாளர்கள் பறித்துக்கொண்டதால், சாம்ராஜ்யத்தையே எதிரியாக்கிக்கொண்டவன்.

கடைசியில் ஃப்ளின்ட், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களுடன் கைகோத்து ஒரு பெரும் போருக்குத் தயாராகிறான். அந்த மக்களின் தலைவியின் மகள் மாடி. சில்வரின் காதலி. அடிமை முறைக்கு எதிரான அந்தப் போர், அவள் உயிரைவிடப் பெரிதாக நினைக்கும் லட்சியம்.

சில்வர் என்ன செய்கிறான்? போர் நடந்தால் மாடி சாகக்கூடும். எனவே, அவளுக்குத் தெரியாமலே போருக்கு முற்றுப்புள்ளி வைக்கிறான். ஃப்ளின்ட்டை அப்புறப்படுத்துகிறான். அவனைக் கொல்லவில்லை, தொலைவில் ஒரு பண்ணையில் உயிரோடிருக்கும் தாமஸிடம் சேர்த்துவிட்டேன் என்று மாடியிடம் சொல்கிறான்.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஃப்ளின்ட்டும் தாமஸும் சந்திக்கும் காட்சி திரையில் வருகிறதே, அது உண்மைதான் என்கிறது ஒரு தரப்பு. அந்தக் காட்சி சில்வர் சொல்லும் கதையோடு சேர்ந்துதானே வருகிறது, பொய் சொல்லியே பிழைத்தவனை எப்படி நம்புவது என்கிறது மறுதரப்பு.

ஆனால், அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. சில்வர் சொன்னது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தான் நேசித்த ஒருத்தியைக் காப்பாற்ற, ஆயிரமாயிரம் பேரின் விடுதலையை விலையாகக் கொடுக்க அவன் யார்? அதுவும், அவளிடமே கேட்காமல்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது. கதை நடக்கும் காலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் பிறகு! மாடியின் கோபத்துக்குப் பின்னால் அத்தனை ஆண்டுகள் நிற்கின்றன.

ஸ்னேப் கேட்ட ஒரே ஓர் உயிர்

கடலிலிருந்து மாயப் பள்ளிக்கு வந்தாலும் இதே வழக்குதான். 'ஹாரி பாட்டர்' வரிசையின் ஆறாவது புத்தகம் 2005-ல் வந்தபோது, தலைமையாசிரியர் டம்பிள்டோரை ஆசிரியர் ஸ்னேப் கொன்றதைப் படித்து வாசகர்கள் அதிர்ந்தார்கள். ஸ்னேப் துரோகியா, இல்லையா? 2007-ல் கடைசிப் புத்தகம் வரும்வரை இதே பேச்சு.

பதில் கிடைத்தது. ஹாரியின் அம்மா லில்லியைச் சிறுவயதிலிருந்தே நேசித்தவர் ஸ்னேப். அவளுக்காகவே உயிரைப் பணயம் வைத்துப் பல ஆண்டுகள் உளவாளியாக வாழ்ந்தவர். டம்பிள்டோரைக் கொன்றதும் அவரே கேட்டுக்கொண்டதால்தான். படித்தவர்கள் கண் கலங்கினார்கள்.

வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. லில்லி சாவதற்குக் காரணமான தகவலை வோல்டெமார்ட்டிடம் சொன்னவரே ஸ்னேப்தான். அது அவளையே குறிவைக்கும் என்று தெரிந்ததும் ஓடிப்போய் உயிர்ப்பிச்சை கேட்டார். யாருக்காக? லில்லிக்காக மட்டும். அவள் கணவனும் கைக்குழந்தையும் முதலில் அவர் கணக்கிலேயே இல்லை. அதற்காக டம்பிள்டோர் அவரை அருவருப்போடு கண்டிக்கிறார்.

வகுப்பறைக்கு வாருங்கள். நெவில் என்று ஒரு பயந்த மாணவன். தீயவர்களின் சித்ரவதையில் அம்மா, அப்பா இருவருமே சித்தம் கலங்கிப்போன பையன். எதிரில் நிற்பவரின் மிகப்பெரிய பயத்தின் வடிவத்தை எடுக்கும் மாயப்பிராணி ஒன்று மூன்றாவது புத்தகத்தில் வருகிறது. நெவில் முன்னால் அது எடுத்த வடிவம், ஸ்னேப்!

கடைசியில் ஹாரி தன் மகனுக்கு ஸ்னேப்பின் பெயரையும் சேர்த்து வைக்கிறான். ஹாரி அவரை மன்னிக்கலாம். அது அவன் உரிமை. நெவிலுக்கும் சேர்த்து அவன் மன்னிக்க முடியுமா?

யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இவர்களை நல்லவர்கள் என்று சொல்பவர்கள், அவர்களின் அன்பைப் பெற்றவர்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஜிம் சொன்னால் சில்வர் நல்லவன். ஹாரி சொன்னால் ஸ்னேப் வீரர். டாமால் சாட்சி சொல்ல முடியாது. நெவிலை யாரும் கேட்பதில்லை.

இது கதைக்குள் மட்டும் நடக்கிற விஷயமா? ஒரு மகனைத் தலையில் வைத்துக் கொண்டாடி, இன்னொரு மகனைக் கரித்துக்கொட்டிய அப்பாவைப் பற்றி அண்ணனும் தம்பியும் பேசினால், இரண்டு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பெற்ற பிள்ளைகளைத் தாங்கியவர், வீட்டு மருமகளை வாட்டியிருப்பார். அவர் நல்லவர்தான் என்று ஒருவர் சொல்லும்போது, யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காகச் சில்வரை ரசிக்கக் கூடாது என்பதில்லை. ஜிம்மே அவனை முழுதாக வெறுக்கவில்லை. நாவலின் முடிவில் ஒரு பை காசோடு சில்வர் நழுவிவிடுகிறான். எங்கோ மனைவியோடும் கிளியோடும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் ஜிம் நினைக்கிறான். காப்பாற்றப்பட்டவன் அப்படி நினைப்பது இயல்புதான்.

ஆனால், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடுத்த முறை இப்படி ஒரு கதையைப் பார்க்கும்போது, சில்வர் நல்லவனா என்று அவர்கள் கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். டாமுக்கு என்ன ஆச்சு என்று திருப்பிக் கேளுங்கள். அதன் பிறகு அவர்கள் யோசித்துச் சொல்லும் பதில் எதுவானாலும் கேட்கலாம்.