மூணு ரூபாய் வட்டியும் தாய்வீட்டு நகையும்

கேள்வி: சூரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். மரவள்ளி, கொஞ்சம் காய்கறி, இரண்டு கறவை மாடு. காய்கறியை சூரமங்கலம் உழவர் சந்தையில் நானே விற்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போர் போட, எனக்குத் தெரியாமல் ஒருவரிடம் புரோ நோட்டு எழுதிக்கொடுத்து ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார். மூணு ரூபாய் வட்டி. போரில் தண்ணீர் வரவில்லை. போன மாதம் கொடுத்தவர் வாசலில் வந்து சத்தம் போட்டபோதுதான் எனக்கே தெரியும். தாய்வீட்டில் போட்ட 7 பவுன் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து அடைத்துவிடலாமா? இன்னொன்று, என் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக நானும் குழுவில் கடன் வாங்கி, சந்தைக் காசில் கட்டிவருகிறேன். மாதம் 2,900 ரூபாய், இன்னும் 14 தவணை பாக்கி. அது அவருக்குத் தெரியாது. சொசைட்டியில் 80,000 ரூபாய் பயிர்க்கடனும் இருக்கிறது. எப்படி மீள்வது?
- பெயர் வேண்டாம், சூரமங்கலம்

பதில்: சகோதரி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நூற்றுக்கு மூணு ரூபாய் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 ரூபாய், வருஷத்துக்கு 54,000 ரூபாய். உங்கள் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் தவறாமல் கட்டியிருந்தால் இதுவரை 1,08,000 ரூபாய் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. இன்னும் பத்து வருஷம் கட்டினாலும் குறையாது. ஆகவே இந்தக் கடனைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.

நகையை வைத்து ஒழிக்கலாமா என்றால், கணக்குப்படி ஒழிக்கலாம். வங்கியில் விவசாய நகைக்கடனுக்கு நூற்றுக்கு 80 பைசா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிளையில் சரியான வட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மாத வட்டி 1,200 ரூபாய்தான். இதுவரை கட்டிவந்த அதே 4,500 ரூபாயை விடாமல் நகைக்கடனில் கட்டினால், 39 மாதத்தில் அசலும் வட்டியும் முடியும். 14 மாதத்தில் உங்கள் குழுக்கடன் தீர்ந்ததும் அந்த 2,900 ரூபாயையும் சேர்த்து 7,400 ரூபாயாகக் கட்டினால் 29 மாதத்திலேயே நகை வீட்டுக்கு வந்துவிடும். வீட்டிலிருந்து வெளியே போகும் பணம் இன்றைக்குப் போவதைவிட ஒரு ரூபாய்கூட அதிகமில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் கணக்கு சரியாக வருவதால் மட்டும் பீரோவைத் திறந்துவிடாதீர்கள். அந்த 7 பவுன் உங்களுடையது. 'குடும்ப நகை' என்று பொதுவாகச் சொல்வது வீட்டுப் பேச்சு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கு வந்தது. கல்யாணத்தில் போட்ட 89 பவுனைக் கணவரும் மாமியாரும் வாங்கிவைத்துத் தங்கள் பழைய கடன்களுக்குச் செலவழித்துவிட்டார்கள் என்பது மனைவியின் புகார். ஸ்திரீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம், அது கணவன் மனைவி கூட்டுச் சொத்து ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு இருக்கிறது என்றும் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது.

இதை வைத்துக்கொண்டு வீட்டில் வழக்குப் பேசச் சொல்லவில்லை. நீங்கள் செய்யப்போவது அவருக்குக் கொடுக்கும் கைமாற்று என்பது இருவர் மனதிலும் பதிய வேண்டும். ஆகவே நகைக்கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரசீது உங்கள் கையில் இருக்கட்டும். இன்ன நகை, இத்தனை கிராம், இந்தக் கடனை அடைக்க வைத்தது, இந்த மாதத்துக்குள் மீட்டுத் தருகிறேன் என்று ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் எழுத்து எதற்கு என்று மாமியார் கேட்கலாம். வெளி ஆளுக்குப் புரோ நோட்டே எழுதிக் கொடுத்தவர், வீட்டில் நான்கு வரி எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. 7 பவுனையும் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். இன்றைய தங்க விலையில் மூன்று பவுனே ஒன்றரை லட்சத்துக்குப் போதும். அதிகமாகக் கொடுக்கிறோம் என்று வங்கியில் சொன்னாலும் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். தாலிக்கொடியைத் தொடவே வேண்டாம். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் கெடு. இடையிடையே பகுதிப் பணம் கட்ட விடுவார்களா, ஆண்டு முடிவில் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

கடன் கொடுத்தவரிடம் பணத்தை நீட்டும் நாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புரோ நோட்டு கைக்கு வராமல் பணம் கைமாறக் கூடாது. நோட்டின் மேலேயே 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், பைசல்' என்று தேதியுடன் எழுதி வாங்குங்கள். வெற்றுக் காசோலை, பத்திரம், பட்டா நகல் ஏதாவது கொடுத்திருந்தால் அதே உட்காரலில் வாங்கிவிடுங்கள். சாட்சிக்கு ஊரில் பொதுவான ஒருவர் இருக்கட்டும். மொத்தமும் ஒரே நாளில் ரொக்கமாக வருகிறது என்றால் பாக்கி வட்டியைக் குறைக்கச் சம்மதிப்பவர்கள் நிறைய. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இடையில் இன்னொரு விஷயம் வரலாம். புரோ நோட்டுக்குக் காலக்கெடு மூன்று வருஷம். உங்களுடையதற்கு இரண்டு வருஷம் முடிந்துவிட்டதால், 'பழைய நோட்டை மாற்றி எழுதுவோம்' என்று அவர் சொல்ல வாய்ப்புண்டு. பாக்கி வட்டியை அசலோடு சேர்த்து 1,80,000 என்று புது நோட்டு நீட்டினால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக்கூடாது. நீங்களும் 'சும்மா கூட ஒரு கையெழுத்து' போடக்கூடாது. இப்போதுள்ள நோட்டில் உங்கள் கையெழுத்து இல்லையென்றால் அந்தக் கடனுக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை. மனைவி என்பதற்காக மட்டும் உங்களிடம் வசூலிக்க முடியாது.

வாசலில் வந்து சத்தம் போடுவது பற்றி. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலோ மனு கொடுங்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாங்க முடியாத எல்லைக்குப் போகும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் குழுக்கடன். இதைச் சொல்லாமல் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். அவர் மறைத்தார் என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம். ஆனால் நாளைக்குக் குழு அம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றால், நீங்கள் வைத்த நகைக்கும் மரியாதை போய்விடும். மாமியார், பிள்ளைகள் இல்லாத நேரமாக, மாட்டுக்குத் தீவனம் போடும்போதோ தோட்டத்திலோ சொல்லுங்கள். 'என்னுங்க, நீங்க ஒண்ணு மறைச்சீங்க, நானும் ஒண்ணு மறைச்சிருக்கேன், ரெண்டையும் சேர்த்தே தீர்ப்போம்' என்றால் போதும். தம்பிக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொடுத்த விதிகளில் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. கைமாற்றுக் கடன் அவர்கள் கணக்கில் தெரியாது. அதனால் உங்களுக்கு இன்னும் தகுதி இருக்கிறது என்று வேறொரு நிறுவனம் புதுக்கடன் நீட்டும். வாங்கவே வாங்காதீர்கள்.

சொசைட்டிக் கடனை அவசரப்பட்டு முன்னால் அடைக்க வேண்டாம், கெடு தேதியைத் தாண்டவும் விட வேண்டாம். கெடுவுக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த போகத்துக்குக் கடனும் கிடைக்காது. மரவள்ளி பத்து மாதப் பயிர், பணம் ஒரே தடவையில்தான் வரும். மாவுச்சத்துப் பாயின்ட் எப்படி இருந்தாலும் சேகோ ஆலையிலிருந்து வரும் அந்தப் பணத்தில் 80,000 ரூபாயை முதலில் சொசைட்டிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில்தான் மற்றதெல்லாம். பால் பணமும் சந்தைக் காசும் மாதத் தவணைக்கு.

அந்தத் தோட்டத்தில் இரண்டாவது போர் பற்றிப் பேச்சு வரும், எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பாறையில் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வருகிற இடங்கள் உண்டு. நகை மீளும்வரை அந்தப் பேச்சு வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் யாரிடம் கை நீட்டினாலும் மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் என்று இருவரும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பால் பணம் வரும் நாளன்று நோட்டை எடுத்து பாக்கி எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பத்தே நிமிட வேலை.

கேள்வி: கணவர் தனியாக வாங்கிய கடனை, அவர் காலமான பிறகு நானும் மகனும் கட்ட வேண்டுமா?
- ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: அவர் விட்டுச்சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்தோ நகையிலிருந்தோ கேட்க முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, முழுப் பொறுப்பும் உண்டு. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வாங்கிய கடனுக்கு, அப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய தர்மத்தை மட்டும் காட்டி மகன்மேல் வழக்குப் போட முடியாது. வங்கிக் கடன் என்றால், கடனோடு காப்பீடு எடுத்திருந்தாரா என்று உடனே விசாரியுங்கள். இறப்புச் சான்றிதழையும் கடன் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.