ரெட்டைக் குதிரை சவாரி

போன ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் போயிருந்தோம். தரிசனம் முடிந்து படியிறங்கும்போது தெரிந்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். டெல்லிக்கு வந்து நாற்பது வருஷம் ஆனவர், நல்ல மனிதர். என் மகள் பள்ளியில் ஹாக்கியும் ஆடுகிறாள், வாலிபாலும் ஆடுகிறாள், அடுத்த வருஷம் ஒன்பதாவது என்று கேள்விப்பட்டதும் முகம் மாறிவிட்டது.

"நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதாம்மா? ரெட்டைக் குதிரை சவாரி ஆகாது. எம்.ஜே.கோபாலன் கதை தெரியுமோல்லியோ? கிரிக்கெட், ஹாக்கின்னு ரெண்டுலயும் கால் வெச்சார். கடைசில ஒலிம்பிக் தங்கம் போச்சு!"

கோயில் வாசலில் பெரியவரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் வாய் திறக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். கோபாலன் கதையை நாம் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கதையைச் சரியாகப் பார்ப்போம். மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909-ல் செங்கல்பட்டுப் பக்கம் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடைய பந்துவீச்சைப் பார்த்து அசந்துபோன சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஆக, அவருக்கு மாதச் சம்பளம் வந்ததே கிரிக்கெட்டால்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் அன்றைக்கே முடிந்துபோனது, ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அடுத்த வருஷம், 1935-ல், தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன இந்திய ஹாக்கி அணியிலும் கோபாலன் இருந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் 48 ஆட்டம், நாற்பத்தெட்டிலும் வெற்றி!

இரண்டு வருஷத்துக்குள் இவ்வளவும். அப்போது அவர் எத்தனை குதிரையில் இருந்தார்? இரண்டில்!

1936-ல்தான் இடித்தது. இங்கிலாந்துக்கு கிரிக்கெட் அணி போகிறது. அதே கோடையில் பெர்லின் ஒலிம்பிக். விமானத்தில் நினைத்த நேரம் போய்வரும் காலமில்லை அது, கப்பல் பயணம். கோபாலன் ஹாக்கி தேர்வுப் போட்டிக்குப் போகாமல் கிரிக்கெட் அணியோடு போனார். அங்கே மூன்று டெஸ்ட் நடந்தது. ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. இந்தியா இரண்டில் தோற்று ஒன்றை டிரா செய்தது. பெர்லினில் ஆகஸ்ட் 15-ந் தேதி ஹாக்கி இறுதி ஆட்டத்தில் தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று துவைத்துத் தங்கம் வாங்கியது.

இப்போது சொல்லுங்கள். இரண்டு குதிரையில் போனபோது டெஸ்ட் கிடைத்தது, ரஞ்சியின் முதல் பந்து கிடைத்தது, தியான் சந்தோடு கடல் தாண்டி ஆடக் கிடைத்தது. ஒரு குதிரையை விட்டு இறங்கிய வருஷத்தில்தான் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கதையிலிருந்து "ஒன்றை விட்டுவிடு" என்ற நீதியை எப்படி எடுக்கிறார்கள் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

"தப்பான குதிரையைத் தேர்ந்தெடுத்தார்" என்று சிலர் சொல்வார்கள். இது வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் லோன் கொடுத்த மேனேஜரைத் திட்டுகிற கதை. சோறு போட்டது கிரிக்கெட். இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, அதில் இங்கிலாந்து போகிற வாய்ப்பு. யார் வேண்டாம் என்பார்கள்? ஹாக்கி தங்கமும் அன்றைக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. 1928-லும் 1932-லும் ஜெயித்த நாடுதான். ஆனால் அதே ஒலிம்பிக் அணி, கப்பல் ஏறுவதற்கு முன்னால் 1936 ஜூன் 16-ந் தேதி, இதே நம்ம டெல்லியில் டெல்லி அணியிடம் 4-1 என்று தோற்றது. ஜூலையில் ஜெர்மனியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்திலும் அதே 4-1 தோல்வி. ஆகஸ்டில் தெரிந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைக் குறை சொல்வது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடல் தாண்டிக் கூட்டிப்போனவரை மூன்று டெஸ்டிலும் வெளியே உட்கார வைத்தது யார்? விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டன் ஆனது எந்தத் தகுதியில்? அந்தப் பயணத்தின் நடுவே லாலா அமர்நாத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பிய கூத்தும் நடந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஆட வந்தவன் மேல் பழி போடுகிறோம். பெரிய இடத்தைக் கேள்வி கேட்பதைவிட பிள்ளையைத் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உச்சத்துக்குப் போனால் என்றைக்காவது ஒரு நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். கோபாலனுக்கு அந்த நாள் 26 வயதில் வந்தது, இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்கு ஆடிய பிறகு. நாமோ பதின்மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்கிறோம். அதுவும் எதற்கு? கோச்சிங் சென்டரில் சனி, ஞாயிறு பேட்ச்தான் காலியாக இருக்கிறது என்பதற்காக!

படிப்பு என்னாவது என்கிறீர்களா? அஸ்வினைப் பாருங்கள். சின்ன வயதில் அவர் ஓப்பனிங் பேட்ஸ்மேன். "நீ பேட்ஸ்மேன், பந்தைத் தொடாதே" என்று யாராவது முத்திரை குத்தியிருந்தால்? எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்து பொறியியல் பட்டமும் வாங்கினார். 2011 நவம்பரில் இங்கே பெரோஸ் ஷா கோட்லாவில்தான் முதல் டெஸ்ட், ஒன்பது விக்கெட், ஆட்ட நாயகன். அதே தொடரில் மும்பையில் ஒரே டெஸ்டில் சதமும் அடித்தார், ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்தார். 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறும்போது டெஸ்ட் கணக்கில் 537 விக்கெட், ஆறு சதம். இது எத்தனை குதிரை சவாரி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிள்ளையும் அஸ்வின் ஆகாது. என் மகளும் ஆகமாட்டாள், தெரியும். ஆனால் பி.காம். படித்து இருபது வருஷம் பேங்கில் குப்பை கொட்டியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரே பார்ட்டிக்கு இவ்வளவுக்கு மேல் கடன் கொடுக்காதே என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஊரார் பணத்துக்கு அவ்வளவு ஜாக்கிரதை. நம் பிள்ளையின் பதின்மூன்று வயதை மட்டும் மொத்தமாக ஒரே என்ட்ரன்ஸ் எக்ஸாமில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள் நாம், நமக்குப் பயம் ஜாஸ்தி. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு கோபாலன் பெயரை வைக்காதீர்கள்.

பிற்காலத்தில் அவர் சென்னை அணிக்குக் கேப்டனாக இருந்தார், தேசிய அணித் தேர்வாளராகவும் இருந்தார். 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆரம்பித்த போட்டிக்கு அவர் பெயரையே வைத்து, கோபாலன் கோப்பை என்றார்கள். 2003 டிசம்பரில் 94 வயதில் காலமானார். இப்படி வாழ்ந்த மனிதரையா பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டி ஆக்குவது?

நேற்று ராத்திரி மகளிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு ஹாக்கி பிராக்டீஸ். ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். சாயங்காலம் வாலிபால்.

அடுத்த முறை மலை மந்திரில் பெரியவரைப் பார்த்தால் நானே போய்ப் பேசுவதாக இருக்கிறேன்.