ஊசியைத் தராவிட்டாலும் யோசனையைத் தரலாமே!



விளக்கு வைத்த பிறகு ஊசி இரவல் கொடுக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். வெளிச்சம் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், கை மாறும்போது ஊசி கீழே விழுந்து யார் காலிலாவது குத்திவிடும் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். அது போகட்டும். பட்டப்பகலில் தையல் பற்றி ஒரு யோசனை கேட்டாலும் வாயை மூடிக்கொள்கிறோமே, அதற்கு எந்த சாஸ்திரம் காரணம்?

வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிறோம். புள்ளிக் கோலத்தை நோட்டில் போட்டே கொடுத்துவிடுகிறோம். ஆனால், "போர்வை தைச்சா ஓரம் இழுத்துக்குதே, ஏன்க்கா?" என்று ஒரு பெண் கேட்டால் மட்டும், "அதெல்லாம் கைப்பழக்கம்மா, போகப் போக வரும்" என்று மழுப்பிவிடுகிறோம். கைப்பழக்கம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்குள் எத்தனை மீட்டர் துணி வீணாகிறது! எத்தனை பேர் வெறுத்துப்போய் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடுகிறார்கள்!

நான் இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் வந்துவிடும் ஊர் இது. ஆண்களும், வயசுப் பெண்களும் தேர்வாய்கண்டிகைக்கும், தடா தாண்டி ஸ்ரீசிட்டிக்கும் ஷிப்டுக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் எங்களுக்கு, சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் சொந்த நேரம். வீட்டுக்கு வீடு பழைய யூனிபாரம், கிழிந்த வேட்டி, நைந்த காட்டன் புடவை, தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணி எல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறியே ஓடுகிறது. துணிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது.

இந்த மூட்டையைத்தான் அந்தக் கால ஆயாக்கள் ஒட்டுப்போட்டுப் போர்வையாகத் தைத்தார்கள். எல்லையோரம் என்பதால் இங்கே தெலுங்கு பேசுகிற வீடுகளில் 'பொந்த' என்பார்கள். இப்போது மறுபடியும் பல பெண்கள் பொழுதுபோக்காக இதைத் தைக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் ஆயா காலத்தில் திண்ணையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து தைத்தார்கள். தப்பாகப் போட்டால் பக்கத்தில் இருப்பவள் உடனே கையைப் பிடித்துத் திருத்துவாள். இன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகத் தைக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண், பிறக்கப் போகும் குழந்தைக்கு ஆசையாக ஒரு விரிப்பு தைத்தாள். புது சிவப்புத் துணியும், பழைய வெள்ளை வேட்டியும் மாற்றி மாற்றி வைத்து 36 கட்டம். இரண்டு வார உழைப்பு. முதல் தடவை துவைத்ததுமே சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. புதுத்துணி சுருங்கி, பழையது சுருங்காமல், விரிப்பு முழுக்க அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டது. அன்று மூடிய மெஷினை அவள் இன்னும் திறக்கவில்லை. அந்தத் தெருவிலேயே தையல் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். "புதுத்துணியை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அலசிக் காயப் போடும்மா" என்று ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லிக் கொடுத்துச் சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று எம்.என்.எம். ஜெயின் பொறியியல் கல்லூரியில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தது. நம் கணக்கில் 1,20,000 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் ஏக்கர்! பல பெண்கள் பின்னிய துண்டுகளைச் சேர்த்து உருவானது அது. ஒருத்தி அளவைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்துத் துண்டோடு ஒட்டியிருக்குமா?

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையில் உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' செய்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்ற போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், காட்டு வேலை செய்து நைந்த உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையில் அச்சிட்டது. இவர்களில் யாரும் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. அம்மா மகளுக்கும், அத்தை மருமகளுக்கும், பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிச் சொல்லியே வந்த கலை.

வெறும் பேச்சோடு நிறுத்தாமல், எனக்குப் பிறர் சொல்லி, நானும் செய்து பார்த்ததில் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புதுத்துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களைத் தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பருத்தியோடு பாலியஸ்டரைக் கலக்காதீர்கள். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூட்டை அது தாங்காது.

கட்டம் 6 இஞ்ச் வரவேண்டும் என்றால் ஆறரை இஞ்ச் வெட்ட வேண்டும். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும். ஒற்றைக் கட்டிலுக்கு 60-க்கு 90 இஞ்ச் போர்வை வேண்டுமானால் குறுக்கே 10, நீளத்தில் 15, மொத்தம் 150 கட்டம். கால் இஞ்ச் என்பதில் கறாராக இருங்கள். கொத்தனார் சொல்வதுபோல் ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு தையலில் அரை நூல் கூடினால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூல். பத்துக் கட்டம் சேர்க்க ஒன்பது தையல். ஆக ஒரு வரிசையிலேயே ஒன்பது நூல், அதாவது ஒரு இஞ்சுக்கு மேல் குறைந்துவிடும்! ஒரு வரிசை குறைந்து அடுத்த வரிசை சரியாக இருந்தால் ஓரம் இழுக்காமல் என்ன செய்யும்? மெஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிவிட்டு, துணியின் ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்கள். தானாக நேராக வரும்.

துணியின் அடியில் நூல் சுருள் சுருளாக வந்தால் எல்லோரும் பாபினைக் கழற்றித் திருகுவார்கள். பெரும்பாலும் கோளாறு அடியில் இல்லை, மேல் நூலில்தான். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு, மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கும். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகிவிடும். மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, வேண்டாத துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பிறகு நல்ல துணியை வையுங்கள்.

மேல் துணி, நடுவில் பழைய வேட்டியோ கம்பளியோ, அடியில் புடவை என்று மூன்று அடுக்கையும் தரையில் இழுத்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சேப்டி பின் குத்திக்கொண்டே போங்கள். தையலும் அதேபோல் நடுவிலிருந்து போனால் சுருக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்துதானே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் கையால், துண்டு துண்டாக மடித்து வைத்து, அங்கங்கே சரிசெய்துகொண்டே வருகிறார்கள். நாம் மெஷினில் ஓட்டுகிறோம். இரண்டும் சரி. ஆனால் காரணம் தெரியாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் தப்பாகும்.

கம்பெனி யூனிபாரம் நல்ல கெட்டித் துணி, போர்வைக்கு உழைக்கும். ஆனால் கழற்றிய வேகத்தில் வெட்டாதீர்கள். எண்ணெய்க் கறை, இரும்புப் பிசிறு, கெமிக்கல் வாடை உள்ளதைக் குழந்தை விரிப்புக்கு எடுக்கவே கூடாது.

யோசனை சொல்பவர்களுக்கும் மூன்று விஷயம். "இப்படிச் செய்" என்பதோடு ஏன் அப்படி என்பதையும் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட ஒரு வெட்டுத்துணியில் தைத்துக் காட்டுங்கள். முக்கியமாக, "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் கேட்பதில்லை. செல்போனில் தையல் வீடியோ ஆயிரம் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் மெஷினில் உங்கள் நூல் எங்கே சிக்கியிருக்கிறது என்று வீடியோவுக்குத் தெரியுமா? எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும்.

"சொல்லிக் கொடுத்துட்டா என் பிழைப்பு என்னாவறது?" என்று தையலை நம்பி வாழும் சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிளவுஸ் வெட்டும் அளவு அவர்கள் பல வருஷம் உழைத்துச் சேர்த்த முதல். அதை வாசலில் நின்று இலவசமாகக் கேட்பது, மளிகைக் கடையில் அரிசி இலவசமாகக் கேட்பதற்குச் சமம். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் பணம் கட்டிக் கற்றுக்கொள்வோம். கற்றுத் தந்தவரின் வாடிக்கையாளரை இழுக்காமல் இருப்போம். நான் கேட்பது, பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் யோசனையைத்தான். அதில் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. ஒட்டுப்போர்வை தைத்துப் பார்த்த பெண்ணுக்குத்தான் நல்ல தையலின் அருமை தெரியும். அவள் அதற்குப் பிறகு தையல்காரரிடம் கூலிக்குப் பேரம் பேச மாட்டாள்!

1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம், "எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா?" என்ற பொருளில் கேட்டபோது, காந்தியடிகள் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் ஒருவர் உண்டாக்கிய இயந்திரம் அது என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த ஜி. ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில், 1947-ல், மனைவி சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். மற்றவர் கஷ்டத்தைக் குறைக்கத்தான் மெஷின் என்றால், அதை ஓட்டும் யோசனையும் அதற்குத்தானே?

தமிழக அரசின் சமூக நலத்துறை, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கணவரை இழந்தவர்களுக்கும், கைவிடப்பட்டவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் மெஷின் வீட்டுக்கு வந்த மறுநாள் நூல் அறுந்தால் அதிகாரி வந்து கோத்துக் கொடுக்க முடியாது. அந்த இடத்தில் நாம்தான் நிற்க வேண்டும். நம் தெருவில் அப்படி ஒரு மெஷின் தூசி படிந்து கிடந்தால், அது நம் தெருவுக்கே அவமானம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, வங்காளத்துக் குடும்பங்கள் நிறைய. புருஷன் கம்பெனிக்குப் போனதும், பேச்சுத் துணைகூட இல்லாமல் அந்தப் பெண்கள் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். 'பாஷை தெரியாதவங்க' என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். பழைய புடவையை அடுக்கித் தைப்பது அவர்கள் ஊரிலும் உள்ள கைவேலைதானே? ஊசி ஓட்டுவதைப் பார்த்துக் கற்க பாஷை எதற்கு?

வாரம் ஒரு நாள், மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு மணி வரை, தெருவுக்கு ஒரு வீட்டுத் திண்ணை போதும். சீட்டுக் கட்ட வேண்டாம், சங்கம் வைக்க வேண்டாம், தலைவி, செயலாளர் வேண்டாம். ஆளுக்கொரு வெட்டுத்துணியும் ஒரு சந்தேகமும் கொண்டு வாருங்கள். பக்கத்துத் தெருப் பெண்ணின் அந்தச் சாயம் இறங்கிய விரிப்பையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பிரித்து எடுத்தால் இருபது கட்டமாவது தேறும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருவில் யார் கூப்பிடப் போகிறீர்கள், தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, கும்மிடிப்பூண்டி.